எண்ணிக்கையில் அகப்படாத மக்கள்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம்மவர் அடுக்களையில் பிறந்த அறிவு. பானை முழுவதையும் கொட்டிப் பார்த்து எவரும் உலையை இறக்குவதில்லை. ஒரு பருக்கையை விரலிடை நசுக்கிப் பார்ப்பதே போதுமானதாகிறது. இன்று அரசாங்கங்களும் வங்கிகளும் பல்கலைக்கழகங்களும் கையாளும் மாதிரிக் கணிப்பு முறையின் கரு இப் பழமொழியினுள் அடங்கிக் கிடக்கின்றது. ஆயின், பழமொழி ஒரு நிபந்தனையைச் சொல்லாமலே விட்டுவிட்டது. சோறு ஒரே பானையில், ஒரே நெருப்பில் வெந்திருக்க வேண்டும். பருக்கை எடுப்பவரின் அகப்பை பானையின் அடிவரை செல்ல வேண்டும். சமுதாயமோ ஒரே பானை அன்று. அதிலும் இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள், மூடியும் முத்திரையும் இடப்பட்ட தனிப் பானையாகவே நெடுங்காலம் இருந்து வந்தன.

கொழும்பிலே தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டு தொடங்கியது. அன்று முதல் ஒவ்வொரு தோட்டத்துத் தேயிலையிலிருந்தும் மாதிரி எடுக்கப்பட்டு, நீரில் ஊறவைக்கப்பட்டு, சுவைஞரின் நாவிலே சோதிக்கப்பட்ட பின்னரே விலை கூறப்படுகின்றது. எந்த மலையின் கொழுந்து, எந்தப் பருவத்தில் பறித்தது என்பதையெல்லாம் ஒரு மிடற்றிலே சொல்லிவிடும் வல்லுநர் அங்கு உளர். அக் கொழுந்தைப் பறித்த கைகளின் நிலையை அறிவதற்கு இதே கவனம் என்றேனும் செலுத்தப்பட்டதா? தோட்டத்து மக்களை எண்ணியவர் யாவர்? எந்தப் பட்டியலைக் கொண்டு எண்ணினர்? பட்டியலுக்கு வெளியே நின்றவர் எத்துணைப் பேர்? இக் கேள்விகளை எழுப்பாமல் மலைநாட்டைப் பற்றிய எந்தப் புள்ளிவிவரத்தையும் நாம் நம்பிவிட முடியாது.

முதலில் ஒரு முரண்பாட்டைக் கவனிப்போம். புள்ளிவிவர நூலார், அடைதற்கரிய மக்கள் என்று சிலரைக் குறிப்பிடுவர். நிலையான முகவரி அற்றோர், பதிவேட்டில் பெயர் அற்றோர், அதிகாரிகளைக் கண்டால் ஒதுங்குவோர் ஆகியோரே அவர்கள். தோட்டத் தொழிலாளரோ உலகிலேயே மிகுதியாக எண்ணப்பட்ட மக்கள் எனலாம்! விடிந்ததும் விடியாததுமாகத் தப்பு முழங்கும். பெரட்டுக் களத்திலே வரிசை நிற்கும். கணக்கப்பிள்ளை பேர் போடுவார். மாலையிலே கொழுந்து நிறுக்கப்படும். எல்லாம் செக்ரோலில் ஏறும். நாள் தவறாமல், வாரந் தவறாமல், தலைமுறை தலைமுறையாக நடந்த கணக்கெடுப்பு அது.

ஆனால் அந்தக் கணக்கு மனிதரை எண்ணிய கணக்கு அன்று. உழைப்பை எண்ணிய கணக்கு. தோட்டத்துப் பேச்சு வழக்கிலே 'பேர்' என்ற சொல்லுக்கு ஒருநாட் கூலி என்றே பொருள். குறித்த இறாத்தல் கொழுந்து பறிக்காதவளுக்கு 'அரைப்பேர்' போடப்படும். முழு மனுஷியாக மலையேறியவள் மாலையிலே அரைப்பேராக இறங்கி வருவாள். இச் சொல் ஒன்றே தோட்டத்துப் புள்ளிவிவரத்தின் தத்துவத்தை நமக்கு விளக்கிவிடுகின்றது. வேலைக்கு வந்தவர் ஒரு பேர். குறைவாகப் பறித்தவர் அரைப்பேர். நோயாளியும் கிழவரும் கைக்குழந்தையும் பேரே அற்றவர். கங்காணியும் இவ்வாறே எண்ணினான். தன் ஆட்களில் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினரோ அத்தனைக்கு அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. எண்ணிக்கையே அவனுடைய வருமானம்.

இங்ஙனம் நாள்தோறும் எண்ணப்பட்ட மக்களே வெளியுலகிற்கு அடைதற்கரியவராக இருந்தனர் என்பதுதான் வரலாற்றின் விந்தை. தோட்டம் தனியார் சொத்து. துரையின் அனுமதியின்றி அந்நியர் எவரும் உள்ளே கால் வைத்தல் இயலாது. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர், தொழிலாளரின் உண்மை நிலையைக் கண்டறிய விரும்பியபோது, புடவை வியாபாரியாக வேடம் பூண்டே தோட்டங்களுள் நுழைந்தார் என்பது மலைநாட்டு வரலாறு அறிந்தோர் யாவரும் அறிந்த செய்தி. பின்னாளிலே சட்டசபை உறுப்பினராகவும், 1931இல் ஹட்டனை நிலைக்களமாகக் கொண்டு தொழிற்சங்கம் அமைத்தவராகவும் விளங்கிய அவர், அன்று தோளிலே துணிமூட்டையுடன் லயம் லயமாகச் சென்றார். துரையின் பேரேட்டைப் பார்த்து எழுதாமல் வீட்டு வாசலிலே நின்று கேட்டு எழுதுவது என்னும் நெறியை, எந்தப் பாடநூலும் கற்பிக்காமலே அவர் மேற்கொண்டார்.

இனி, பழைய கணக்குகளின் தன்மையைச் சிறிது ஆராய்வோம். கோப்பிக் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் காட்டு வழியே கண்டிச் சீமைக்கு நடந்து வந்த ஏழைகளுள் வழியில் மாண்டவர் எத்துணைப் பேர்? 1840களில் மாண்டோர் 70,000 பேர் என்று 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகை 1849இல் எழுதியது. இத்தகைய மதிப்பீடுகளுக்கு அடிப்படையாக நிற்பது ஒரு கழித்தற் கணக்கு. வந்தோர் தொகையிலிருந்து திரும்பியோரையும் தோட்டத்தில் எஞ்சியோரையும் கழித்தால், மிச்சம் மறைந்தோர். இதன் குறை வெளிப்படை. எண்ணுவார் இல்லாத துறையில் தோணியேறி ஊர் திரும்பியவனும் மாண்டவனாகக் கொள்ளப்படுவான். மறுபுறம், இலங்கைக் கரையைக் காணுமுன்பே மாண்டவன் எந்தக் கணக்கிலும் ஏறான். எனவே அத் தொகை கூடுதலா குறைவா என்று வரலாற்றாசிரியர் வாதிடுவது இயல்பே. நாம் கருத வேண்டுவது வேறொன்று. கோப்பி மூட்டையை அந்தர் இறாத்தல் பிசகாமல் எழுதி வைத்த ஆட்சி, செத்த மனிதனைக் கழித்தற் கணக்கின் மிச்சமாக விட்டுவிட்டது. பேர் எழுதப்படாத பிணங்களை எண்ண, கழித்தலையன்றி வேறு வழி நமக்கு இல்லை.

முறையான குடிசன மதிப்பு இலங்கையில் 1871இல் தொடங்கியது. தோட்டங்களில் படிவத்தை நிரப்பும் பொறுப்பு துரைமாரிடமே விடப்பட்டது. எண்ணப்படுபவர் தொழிலாளி, எண்ணுபவர் முதலாளியின் பிரதிநிதி. 1911ஆம் ஆண்டு மதிப்பில் இன்னொரு மாற்றம் புகுந்தது. அதுவரை தமிழர் என ஒரே தொகுதியாய் எண்ணப்பட்டவர் 'இலங்கைத் தமிழர்' என்றும் 'இந்தியத் தமிழர்' என்றும் இரு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டனர். காகிதத்திலே கிழித்த ஒரு கோடுதானே என்று அன்று எவரும் எண்ணியிருக்கலாம். ஆனால் அக் கோட்டின் வழியே பின்னர் ஓடியது கத்தி. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 8,25,000 பேர். உரிமை பெற்றோரோ ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. விண்ணப்பித்தவர் 1946 ஜனவரிக்கு முன் பல்லாண்டுக் காலம் இடைவிடாது இந் நாட்டில் வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டும் என்றது சட்டம். தொழிலாளியின் வாழ்நாட் சான்று எங்கே இருந்தது? துரையின் செக்ரோலிலே! எந்தப் பட்டியல் அவனை வெறும் பேராக மட்டுமே கண்டதோ, அதே பட்டியலின் முன் அவன் கையேந்தி நிற்க நேர்ந்தது.

1964ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 பேர் நாடற்றோர் எனக் கணக்கிடப்பட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என முடிவாகியது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் பாதி பாதியாகப் பங்கிடப்பட்டனர். எவரையும் கேளாமல் செய்யப்பட்ட பங்கீடு இது. பிறகு விண்ணப்பம் கோரியபோது நடந்தது என்ன? இந்தியா செல்ல விண்ணப்பித்தோர் தொகை 5,25,000ஐ எட்டவில்லை. இலங்கையிலே வாழ விரும்பியோர் தொகை 3,00,000ஐ வெகுவாகத் தாண்டி நின்றது. உடன்படிக்கைக்கு முன்னரே சில ஆயிரம் குடும்பங்களை முறைப்படி தேர்ந்து அவர்தம் விருப்பத்தைக் கேட்டிருந்தால், இவ்வுண்மை அன்றே புலப்பட்டிருக்கும். அதற்குரிய விஞ்ஞானம் அப்போது இல்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. நார்வே நாட்டின் கியேர் 1895இலேயே பகுதியைக் கொண்டு முழுமையை அறியும் முறையை முன்வைத்தார். 1934இல் நெய்மன் அதற்குக் கணித அடித்தளம் அமைத்தார். அண்டை நாட்டிலே மகலனோபிஸ் வங்காளத்துச் சணல் வயல்களை மாதிரி எடுத்து அளந்தார். 1950இல் இந்தியாவின் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. இலங்கை மத்திய வங்கியும் 1953இலேயே மாதிரிக் குடும்பங்களைக் கொண்டு மக்களின் வருவாய் செலவை ஆராயத் தொடங்கிவிட்டது. அறிவு இருந்தது, கேட்கும் மனம் இல்லை.

மாதிரி என்றால் தொகை பெரிதாக இருந்தாற் போதும் எனச் சிலர் கருதுவர். இக் கருத்தின் சமாதி அமெரிக்காவிலே 1936இல் கட்டப்பட்டது. 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் பத்திரிகை குடியரசுத் தலைவர் தேர்தலைப் பற்றி ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்று, லாண்டன் வெல்வார் என அறிவித்தது. வென்றவரோ ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46ஐக் கைப்பற்றினார். பத்திரிகையின் பட்டியலில் மிகுதியாக இருந்தோர் தொலைபேசியும் மோட்டார் வண்டியும் உடையோர். வேலையற்ற ஏழையின் பெயர் அப் பட்டியலில் இல்லை. பிழையான பட்டியலிலிருந்து பல லட்சம் பேரைக் கேட்பதினும், சரியான பட்டியலிலிருந்து சில நூறு பேரைக் கேட்பது மேல்.

இப் படிப்பினையை நம் மலைகளுக்குக் கொண்டு வருவோம். தோட்டத்திலே ஆய்வு செய்ய வருபவருக்கு எளிதிற் கிடைக்கும் பட்டியல் நிர்வாகத்தின் பட்டியல். அதில் பதிவு பெற்ற தொழிலாளர் இருப்பர். அதே லயத்துக் காம்பராவில் வாழ்ந்து கொழும்புக் கடையிலே வேலை செய்யும் இளைஞன் அதில் இல்லை. வீட்டுவேலைக்காகக் கொழும்புக்கோ வளைகுடா நாடுகளுக்கோ சென்ற பெண் இல்லை. ஓய்வு பெற்ற கிழவி இல்லை. மரக்கறித் தோட்டத்திலே நாட்கூலிக்குப் போகிறவன் இல்லை. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்கு மாறிய பின், பதிவு பெற்ற தொழிலாளர் குறைந்துகொண்டே வர, பட்டியலுக்கும் லயத்துக்கும் உள்ள இடைவெளி மேலும் அகன்றுவிட்டது. அன்றியும், பத்தடிக் காம்பரா ஒன்றிலே தாய் தந்தையரும் மணமான மகனும் தனித்தனி அடுப்பு மூட்டி வாழ்வர். காம்பராவை எண்ணினால் ஒரு குடும்பம். அடுப்பை எண்ணினால் இரண்டு.

அரசாங்கத்தின் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வீட்டு வருமானச் செலவு ஆய்வில் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்று துறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியே மாதிரி எடுக்கின்றது. தனிப் பானைக்குத் தனிப் பருக்கை என்னும் இம் முறை போற்றத் தக்கதே. இல்லையேல் மக்கள் தொகையில் நூற்றுக்கு நான்கு அளவினரான தோட்ட மக்கள் நாட்டின் சராசரிக்குள் மூழ்கிப் போயிருப்பர். எனினும் தோட்டம் என்பதன் வரையறையைப் பாருங்கள்: 20 ஏக்கருக்கு மேற்பட்டு, 10 தொழிலாளருக்குக் குறையாமல் குடியிருக்கும் நிலம். தோட்டத்தை விட்டு ஹட்டன் நகரத்துச் சந்திலே ஒண்டுக் குடித்தனம் புகுந்த குடும்பம் நகரத் துறையாகிவிடும். அடுத்த கிராமத்தில் குடிசை போட்டவர் கிராமத் துறையாகிவிடுவர். வறுமை அவர்களுடனே பயணம் செய்தாலும், அட்டவணையிலே அது வேறு கட்டத்துக்குப் போய்விடுகின்றது.

அரசாங்க அறிக்கைகளின்படி தோட்டத் துறையில் வறுமைக் கோட்டின் கீழ் வாழ்ந்தோர் 2006/07இல் நூற்றுக்கு 32.0, 2009/10இல் 11.4, 2016இல் 8.8, 2019இல் 33.8. பதின்மூன்று ஆண்டுகளில் வறுமை மலையிறங்கிப் பின் மலையேறியதா? 2019ஆம் ஆண்டுக் கணக்கிற்கு வறுமைக் கோடே புதிதாக வரையப்பட்டது என்பதை அறிந்தால்தான் கடைசி எண்ணின் பொருள் விளங்கும். கோட்டுக்குச் சற்று மேலே, சில ரூபாய் இடைவெளியில், பெருந்திரளான மக்கள் நெருக்கியடித்து நிற்கின்றனர். கோட்டைச் சிறிது உயர்த்தினால் அவர்கள் அனைவரும் ஒருசேர ஏழைகள் ஆவர். தாழ்த்தினால் ஏழைகள் அல்லர். அவர்களுடைய அடுப்பிலே வேகும் ரொட்டி மட்டும் மாறுவதில்லை. மற்றொன்றும் உண்டு. இவ் வாய்வுகளில் முதலில் சில தொகுதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டு, பின் ஒவ்வொன்றிலும் பத்து வீடுகள் எடுக்கப்படுகின்றன. ஒரே கூலி, ஒரே கூரை, ஒரே கடை என வாழும் லயங்களில் பத்து வீடுகள் பெரும்பாலும் ஒன்றையே சொல்லும். பானையின் ஒரே மூலையில் எடுத்த பத்துப் பருக்கைகள், நான்கு திசையிலும் எடுத்த பத்துப் பருக்கைகளுக்கு ஈடாகா.

அப்படியாயின் பட்டியலில் இல்லாதவரை அடைவது எங்ஙனம்? அறிஞர் சில வழிகளைக் கண்டுள்ளனர். ஒருவரைக் கண்டு, அவர் வாயிலாக இருவரை அறிந்து, அவ்விருவர் வாயிலாக நால்வரை அடையும் சங்கிலி முறையைக் குட்மன் 1961இல் கணித நெறிப்படுத்தினார். உறவும் நட்பும் மிக்கவர் இம் முறையில் எளிதில் அகப்படுவர், தனித்திருப்போர் விடுபடுவர் என்னும் குறையைத் திருத்த, ஒவ்வொருவருக்கும் எத்துணைப் பேரைத் தெரியும் எனக் கேட்டு அதற்கேற்ப நிறையிடும் முறையை 1997இல் ஹெக்கதோர்ன் வகுத்தார். கொழும்பிலே வீட்டுவேலை செய்யும் நம் பெண்களை அறிய இதுவே ஏற்ற வழி. ஒருத்தியை வேலைக்குச் சேர்த்தவள் பெரும்பாலும் அவளுடைய லயத்தவளே அன்றோ? இடமும் பொழுதும் அறிந்து தேடுதல் இன்னொரு முறை. தீபாவளிக்கு முந்திய நாட்களில் ஹட்டன் பஸ் நிலையத்தில் வந்து இறங்குவோரை முறைப்படி சந்தித்தால், ஆண்டு முழுதும் காணக் கிடைக்காதவரைக் காணலாம்.

எல்லாவற்றினும் எளியதும் அழகியதுமான முறையை ஓர் இந்திய அறிஞரும் ஓர் அமெரிக்க அறிஞரும் சேர்ந்து தந்தனர். சி. சந்திரசேகரனும் டெமிங்கும் 1949இல் வெளியிட்ட ஆய்வு அது. கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள சிங்கூரிலே, பதிவாளரின் பிறப்பு இறப்புப் பட்டியலையும் வீடு வீடாகக் கேட்டுத் தொகுத்த பட்டியலையும் ஒப்பிட்டு, இரண்டிலும் அகப்படாதவர் தொகையை அவர்கள் கணித்தனர். நம் மாணவருக்கு விளங்கும்படி ஒரு கற்பனைக் கணக்கு காண்போம். ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவின் ஏட்டில் 60 குழந்தைகள் உள்ளனர் எனக் கொள்வோம். நாம் வீடு வீடாகச் சென்று 70 குழந்தைகளைக் காண்கின்றோம். இரு பட்டியலிலும் பொதுவாக இருப்போர் 42. நாம் கண்ட எழுபதில் நூற்றுக்கு அறுபது பேரே ஏட்டில் உளர். ஆகவே ஏடு அறுபது விழுக்காட்டையே பிடித்திருக்கின்றது. அறுபது விழுக்காடு 60 என்றால் முழுத்தொகை 100. இரு பட்டியலையும் சேர்த்தால் கிடைப்போர் 88. எவர் கண்ணிலும் படாத குழந்தைகள் 12! ஒரே நிபந்தனை, இரு பட்டியலும் ஒன்றையொன்று பார்த்து எழுதப்படாதிருத்தல் வேண்டும். வீட்டுக்குச் செல்லச் சோம்பி ஏட்டைப் பார்த்து எழுதினோமாயின், அப் பன்னிருவரையும் மீண்டும் ஒருமுறை இருளிலே தள்ளியவர் ஆவோம்.

முறைகள் எத்துணை நுட்பமாயினும், கேட்பவர் யார் என்பதே இறுதியில் விடையைத் தீர்மானிக்கின்றது. பகலிலே படிவத்துடன் வருபவர், பெண்கள் மலையிலே கொழுந்து பறித்துக்கொண்டிருக்க, திண்ணையில் இருக்கும் முதியவரிடம் குடும்பத்தின் கணக்கைக் கேட்டுச் செல்கின்றார். உழைப்பவளின் கணக்கை உழைப்பவள் சொல்லும் வாய்ப்பு அற்றுப் போகின்றது. அச்சமும் ஒரு காரணம். எண்ணப்பட்டதன் பயனாக நாடு கடத்தப்பட்ட மக்கள், எண்ண வருபவரை எங்ஙனம் வரவேற்பர்? 1971ஆம் ஆண்டு மதிப்பிலே 11 லட்சத்துக்கு மேற்பட்டிருந்த 'இந்தியத் தமிழர்' 1981இல் 8,18,656 ஆயினர். பெரும்பகுதியினர் கப்பலேறினர், ஒரு பகுதியினர் தம்மை 'இலங்கைத் தமிழர்' என எழுதிக்கொண்டனர். 2012இல் 8,39,504. 2024இல் நாட்டு மக்களில் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. இவ் வீழ்ச்சியைக் கண்டு ஓர் இனம் தேய்ந்ததென முடிவு கட்டுவோர், 1911இல் கிழித்த கோட்டைக் கடந்து செல்ல மக்கள் தாமே எடுத்த முடிவை அறியாதவர். மலையகத் தமிழர் என்னும் பெயருக்கான குரலும் அதே முடிவின் மறுபக்கமே.

இறுதியாக ஒரு சான்று. இலங்கைப் பாராளுமன்றம் 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம், 1964 அக்டோபர் முதல் இந்நாட்டில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை அளித்தது. ஐக்கிய நாடுகளின் அகதிகள் உயர்தானிகரகமும் தொழிற்சங்கத்தினரும் தோட்டங்களுக்கே விண்ணப்பத்தைக் கொண்டு சென்றனர். பத்தே நாட்களில் 1,90,000 பேர் வரை உரிமை பெற்றனர். அரை நூற்றாண்டுக் காலம் அடைதற்கரியவர் எனப்பட்டவர், தம் மொழி பேசும் தம்மவர், பறிக்க அன்றிக் கொடுக்க வந்தபோது, பத்து நாட்களில் வரிசையில் வந்து நின்றனர்!

அடைதற்கரிய மக்கள் என்று எவரும் இலர். அடைய முயலாத ஆட்சிகளே உண்டு. இவ் வுண்மையை நம் பள்ளிகளிலிருந்தே நிலைநாட்டலாம். மலைநாட்டுப் பாடசாலை ஒவ்வொன்றிலும் ஆசிரியரும் மேல்வகுப்பு மாணவரும் கூடி, தம் டிவிசனில் எத்தனை அடுப்பு எரிகின்றது, அவற்றைச் சுற்றி எத்தனை உயிர் வாழ்கின்றது, தொலைவிலே உழைப்போர் எத்தனை பேர் என நேரிற் சென்று எழுதுவோமாக. அதனை நிர்வாகத்தின் பட்டியலோடு ஒப்பிடுவோமாக. வேறுபடும் இடத்திலேதான் வரலாறு ஒளிந்திருக்கின்றது. அந்த ஏட்டிலே அரைப்பேர் என்று எவருக்கும் போடலாகாது. அதில் எழுதப்படும் ஒவ்வொரு பேரும் முழுப் பேராகவே இருத்தல் வேண்டும்.